ட்ரெயினிங்கில் மனசு விட்டுப்போச்சா? கோளாறு எங்கே என்று இப்படித் தேடுங்கள்

உச்சிப்புளி, மண்டபம், தேவிபட்டினம் பக்கத்துப் பையன்களை விடியற்காலையில் அரியமான் கடற்கரையில் ஓடவிட்டு, ராணுவத்துக்கும் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். தேர்வாகிப் போனவர்களிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். "அண்ணே, முடியல. ஊருக்கு வந்துர்றேன்." கீழக்கரைப் பையனாக இருந்தால் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) "காக்கா, என்னால ஆகாது." நீலகிரி வெலிங்டனில் இருந்து பேசினாலும், பெங்களூரில் இருந்து பேசினாலும், ஒடிசாவில் கடற்படைப் பயிற்சி மையமான ஐ.என்.எஸ். சில்காவில் இருந்து பேசினாலும் வார்த்தை இதேதான். காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

நடுக்கடலில் போட்டு (படகு) இன்ஜின் நின்றுபோனால், டீசல் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இன்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை. இங்கேயும் அதே வரிசைதான். "எனக்கு மனவுறுதி இல்லை" என்று ஒரு பையன் சொன்னால் அதை நான் கடைசியில்தான் நம்புவேன். தூக்கம், சாப்பாடு, கால், பாஷை, வீடு எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியதே இருக்காது.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள். அதற்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி: ராத்திரி ரோல் கால் (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து படுத்த பிறகு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. "போய்விடலாம்" என்ற யோசனை வந்தால் மறுநாள் காலைச் சாப்பாடு முடியும் வரை தள்ளிப்போடுங்கள். அப்போதும் இருந்தால் மேலே யோசிக்கலாம்.

அறிகுறி: போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தினமும் அழுகை வருகிறது

*தூக்கம்.* நான் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" விசில் நாலு, நாலரைக்கு அடிக்கிறது என்றால், பத்து மணிக்குப் படுத்தவனுக்கே ஆறு மணி நேரம்தான் கிடைக்கும். பூட் பாலிஷ், யூனிஃபார்ம் இஸ்திரி, நாளைக்கு வேண்டிய சாமான் என்று பதினொன்றரை ஆக்கினால் ஐந்துதான். மூன்று நாள் ஐந்து மணி நேரம் தூங்கினால் யாருக்கும் அழுகை வரும். பாலிஷையும் இஸ்திரியையும் சாயங்காலம் கிடைக்கும் இடைவெளியிலேயே முடியுங்கள். பக்கத்துக் கட்டில்காரனோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்: அவன் இரண்டு ஜோடி பூட், நீ இரண்டு செட் இஸ்திரி. நாலு நாள் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பேசு என்பேன். பாதிப் பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு விஷயம் பேசுகிறார்கள்.

*சாப்பாடு.* சோறும் மீன் குழம்புமாக வளர்ந்த பையனுக்கு லங்கரில் (முகாம் சாப்பாட்டுக்கூடம்) ரொட்டியும் பருப்பும் தொண்டையில் இறங்காது. பாதியில் எழுந்துவிடுவான். பசி தெரியாது, களைப்பு மட்டும் தெரியும். களைப்பைப் பயம் என்று நினைத்துக்கொள்வான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார். ரொட்டி இரண்டு என்று இருந்தால் நாலாக்கு. முட்டை, பால், வாழைப்பழம் கொடுத்தால் ஒன்றையும் விடாதே. ருசி பிடிக்க மூன்று வாரம் ஆகும், அதுவரை மருந்து மாதிரி சாப்பிட வேண்டியதுதான்.

*தண்ணீரும் குளிரும்.* நம் ஊர் வெயிலுக்குப் பழகியவனுக்கு வெலிங்டன் ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர். அங்கே தாகம் தெரியாது, அதனால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறார்கள். சில்காவில் நம் கடற்கரை போலவே புழுக்கம், வியர்வையாகவே எல்லாம் போய்விடும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

*ஏக்கம்.* மேலே உள்ள மூன்றும் சரியாக இருந்தும் நெஞ்சடைப்பு இருந்தால் இது வீட்டு ஏக்கம். இதற்கு மாத்திரை இல்லை, ஆனால் ஆயுள் உண்டு. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் தணியத் தொடங்கும். அதுவரை தனியாக உட்காராதே. பாரக்கில் (எல்லோரும் தங்கும் கூடம்) தமிழ் பேசுகிறவன் ஒருவன் இருந்தால் அவனோடு, இல்லையென்றால் மலையாளியோடு, தெலுங்குக்காரனோடு. கூட அழுகிறவன் இருந்தாலும் பரவாயில்லை.

மேலே சொல்ல வேண்டிய கட்டம்: தூக்கம், சாப்பாடு இரண்டும் கிடைத்தும் ஒரு மாதம் தாண்டி அழுகை நிற்கவில்லை என்றால், செக்‌ஷன் உஸ்தாதிடம் (பயிற்சி கொடுப்பவர்) சொல்லி எம்.ஐ. ரூம் (முகாம் மருத்துவ அறை) டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: "உஸ்தாத் என்னையே குறிவைக்கிறார்"

*பாஷை.* பத்தில் எட்டு பேருக்கு இதுதான். உஸ்தாத் "பீச்சே முட்" என்கிறார், எல்லோரும் திரும்புகிறார்கள், நம் ஆள் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துவிட்டு அரை நொடி கழித்துத் திரும்புகிறான். அந்த அரை நொடிக்குத்தான் திட்டு. அவருக்கு அது சோம்பல் போலத் தெரிகிறது, இவனுக்கு அது வன்மம் போலத் தெரிகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரனை ஆணை சொல்லச் சொல். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட், பீச்சே முட், தேஜ் சல், கதம் தால், தம். யோசிக்காமல் உடம்பு திரும்புகிறதா? திரும்பவில்லை என்றால் கோளாறு இங்கேதான். தினம் ராத்திரி பத்து நிமிடம் போதும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். கூடவே ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் எண்ணவும், உன் நம்பர், ரேங்க், பெயரை மூச்சு விடாமல் சொல்லவும் பழகிக்கொள். கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது என்றால் கடற்கரையிலேயே பழகலாம். நான் இப்போது ஓட்டம் முடிந்து ஆறும் நேரத்தில் இந்த ஆணைகளைச் சொல்லித்தான் திருப்புகிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்குப் போனால் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கத்தில் நம் பாஷை காதில் விழும். அன்றைக்கு ஒரு தெம்பு வரும், உண்மைதான். ஆனாலும் டிரில் இந்தியில்தான்.

*எல்லோருக்கும் சேர்ந்து விழும் ரகடா (தண்டனைப் பயிற்சி).* ஒருவன் கட்டில் சரியில்லை என்றால் முப்பது பேரும் ஃப்ரண்ட் ரோல் போடுவார்கள். அந்த ஒருவன் நீ என்றால் கூட இருப்பவர்கள் முகத்தைப் பார்க்கவே கூசும். பலர் "வந்துர்றேன்" என்பது இந்தக் கூச்சத்தில்தான், உடம்பு வலியில் அல்ல. இதற்குச் சரியான வழி, அன்று ராத்திரியே கூட இருப்பவர்களுக்கு ஏதாவது வேலை செய்து கொடுப்பது. தண்ணீர் கொண்டுவந்து வை, யாருடைய பிட்டுவையாவது (முதுகுச் சுமைப் பை) கட்டிக் கொடு. மன்னிப்பு என்ற வார்த்தைக்கு பாரக்கில் அவ்வளவு மதிப்பில்லை, வேலைக்கு உண்டு.

*உண்மையிலேயே உன்னை மட்டும் என்றால்.* அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. அடிப்பது, பணம் கேட்பது, சாதியையோ மதத்தையோ சொல்லித் திட்டுவது, உடம்பைத் தொட்டு அவமானப்படுத்துவது எதுவும் பயிற்சியில் சேராது. "ராணுவம்னா அப்படித்தான்" என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதே. நாள், நேரம், யார் பார்த்தது என்று எழுதி வைத்துக்கொண்டு முறைப்படி கம்பெனி கமாண்டரைப் பார்க்க அனுமதி கேள். கேட்பது உன் உரிமை. வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: ஓட்டம் என்றாலே வெறுப்பு, காலையில் எழுந்திருக்கவே மனமில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கரைப் பையன்கள் விழும் இடம் இதுதான். வெறுப்பு மனதில் இருப்பது போலத் தோன்றும், கோளாறு முழங்காலுக்குக் கீழே இருக்கும்.

நம் பையன்கள் ஈர மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்துத் தேர்வானவர்கள். ஓட்டத்தில் தங்களுக்கு ஒரு குறையும் வராது என்று நம்பிப் போவார்கள். அங்கே தாரும் சிமெண்ட்டும். காலில் கனமான பூட், முதுகில் பிட்டு, கையில் துப்பாக்கி. நாலாவது வாரத்தில் கால் பேச ஆரம்பிக்கும்.

*கொப்புளம்.* முதலில் பூட்டைக் கழற்றிப் பார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் தோல் உப்பியிருந்தால் மேல் தோலைப் பிய்க்காதே. அதுதான் கட்டு. கழுவி, துடைத்து, விரலிடுக்கில் ஈரமில்லாமல் பவுடர் போட்டு, உலர்ந்த சாக்ஸ் போடு. உள்ளே மெல்லிய சாக்ஸ் ஒன்று, மேலே தடித்தது ஒன்று போட்டால் உரசல் இரண்டு சாக்ஸுக்கு நடுவில் நடக்கும், தோல் தப்பிக்கும். நாடாவைக் கணுக்காலுக்குக் கீழே இறுக்கமாகவும் மேலே சற்றுத் தளர்வாகவும் கட்டு. குதிகால் உள்ளே ஏறி இறங்கினால் நாடா சரியில்லை என்று அர்த்தம். சீழ், சிவப்புக் கோடு, காய்ச்சல் இருந்தால் எம்.ஐ. ரூம். கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: செருப்பை ஓரமாக வைத்துவிட்டு தினமும் சில மணி நேரம் சாக்ஸோடு ஷூ போட்டு நடங்கள். கருவேலங்காட்டு வண்டிப்பாதையிலும் நடங்கள், தார் ரோட்டிலும் நடங்கள்.

*கெண்டைக்கால் முன் எலும்பு வலி.* விரலால் தடவிப் பார். கால் முன் எலும்பின் உட்பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வலி பரவியிருக்கிறதா? ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடான பிறகு குறைகிறதா? அப்படியானால் எலும்பை ஒட்டிய சதையும் சவ்வும் நொந்திருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஐஸ், கெண்டைக்கால் நீட்டல், தேய்ந்த ஷூவை மாற்றுவது இவற்றில் அடங்கும். உஸ்தாதிடம் சொல்லிச் சில நாள் ஓட்டத்தைக் குறைத்துக் கேட்டாலும் தப்பில்லை.

*எலும்பிலேயே கீறல்.* இதுதான் விலை அதிகமான காரணம். ஒற்றை விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுரீரென்று வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் தாங்க முடியாத வலி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே எம்.ஐ. ரூம் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் கீறல் முறிவாக மாறும். இதை மறைக்கிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் ரிலிகேஷன் பயம்: பின்னால் வரும் பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்களே என்ற பயம். தம்பி, ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வெடுத்துப் பின்னால் வரும் பேட்ச்சில் பாஸ் அவுட் ஆனவனை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. முறிந்த காலோடு மெடிக்கலில் வெளியே வருவதுதான் நஷ்டம். கடற்படைக்கும் மிலிட்டரி போலீசுக்கும் போகும் தங்கச்சிகளுக்கு ஒரு கூடுதல் சோதனை: மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். எலும்புக்கும் அது கெடுதல். கூச்சப்படாமல் லேடி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

காலில் ஒன்றுமில்லை, ஓட்டத்தில் மட்டும் கடைசி என்றால் கவலை வேண்டாம். கடைசியில் வருகிறவன் தனக்கு முன்னால் ஓடுகிற ஒருவனைப் பிடித்தால் போதும், முதலில் ஓடுகிறவனைப் பார்க்க வேண்டாம்.

அறிகுறி: வீட்டுக்குப் பேசிய பிறகு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை

இதைச் சரிசெய்ய வேண்டியது பையன் இல்லை, வீடு. அதனால் அம்மா அப்பாவுக்காக எழுதுகிறேன்.

வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம்தான் போன் கிடைக்கிறது என்று வையுங்கள். பாம்பன் வீடு ஒன்றில் அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். "சாப்பிட்டியாப்பா" என்று ஆரம்பிக்கும். அடுத்த வரி, அப்பாவுக்கு முழங்கால் வலி. அப்புறம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை போட்டு போகாது, வட்டிக்காரர் வந்து போனார். அப்புறம் பக்கத்து வீட்டு போட்டை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் அம்மா அழுகிறார், லைன் கட் ஆகிறது. அந்தப் பக்கம் பையன் கையில் போனோடு நிற்கிறான். அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மறுநாள் விசிலுக்கு எழ வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லும் முறை: அவன் ஏதாவது செய்ய முடியும் என்கிற விஷயத்தை மட்டும் போனில் சொல்லுங்கள். கடன், வலி, சண்டை எல்லாம் லீவில் வரும்போது பேசலாம். அவனிடம் கேள்வி கேளுங்கள்: இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே, பக்கத்துக் கட்டில்காரன் எந்த ஊர்? வாய் திறந்து பேசினாலே பாதிப் பாரம் இறங்கும். அழுகை வந்தால் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள்.

சாவு, பெரிய விபத்து, அப்பாவே கடலில் பிடிபட்டது போன்றவற்றை மறைக்கக் கூடாது. பிறகு தெரிந்தால் அவன் வீட்டையே நம்பமாட்டான். ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை போனில் போட்டு உடைக்காமல், முதலில் அவன் கம்பெனி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்வார்கள், லீவு ஏற்பாட்டையும் பார்ப்பார்கள். சேரும் அன்றே அலுவலக போன் நம்பரையும் பையனின் சர்வீஸ் நம்பரையும் வீட்டு காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள். ராத்திரியில் தேடினால் கிடைக்காது.

அறிகுறி: பாதிக்கு மேல் தாண்டியாச்சு, "எதுக்கு இதெல்லாம்" என்று தோன்றுகிறது

உடம்பு பழகிவிட்டது, பயம் போய்விட்டது, ஆனால் ஒரு வெறுமை. ராணுவ அக்னிவீருக்கு (அக்னிபத் திட்டத்தில் நாலு வருடத்துக்குச் சேருகிறவர்) 31 வாரம் என்றால் இது பெரும்பாலும் பதினாறாவது வாரத்துக்கு மேல் வரும்.

எளிய காரணம் சலிப்பு. தினமும் ஒரே மைதானம். பாஸிங் அவுட் வரை எண்ணாமல் அடுத்த சோதனை வரை மட்டும் எண்ணு: அடுத்த ஃபயரிங், அடுத்த 5 கிலோமீட்டர், அடுத்த கயிறு ஏற்றம்.

அடுத்த காரணம் ஊர்ச் சேக்காளிகள். ஒருவன் துபாயில் இருந்து கார் முன்னால் நின்ற போட்டோ போடுகிறான், ஒருவன் கல்லூரியில் ஆடுகிறான். போன் கையில் கிடைக்கும் நேரத்தை அதைப் பார்ப்பதில் செலவழித்தால் வெறுமை கூடும். இருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் பேசு.

மூன்றாவது காரணம் நியாயமான காரணம்: "நாலு வருஷம் கழிச்சு என்ன?" இதைத் தைரியம் சொல்லி மூடக் கூடாது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவித்தபோது சொன்ன கணக்கு இது: முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நாலாவது வருடம் 40,000. அதில் 30 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கைக்கு வரும், அதற்கு வருமான வரி கிடையாது. ஒரு பேட்ச்சில் 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீருக்கு 10 சதவீத ஒதுக்கீடும் அப்போது அறிவித்தார்கள். நாலில் மூன்று பேர் வெளியே வருவார்கள் என்பதை மனதில் வைத்தே திட்டமிடு. பத்தாம் வகுப்போடு போனவன் சர்வீஸிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழை வாங்கிவிட வேண்டும். டிரைவிங், டீசல் இன்ஜின், வயர்லெஸ் என்று எந்தத் தொழில் கிடைத்தாலும் சான்றிதழோடு கற்றுக்கொள். கணக்கு எழுதிப் பார்த்த பிறகு பையன்களுக்கு இந்தக் கேள்வி பயமுறுத்துவதாக இல்லை, வேலையாக மாறிவிடுகிறது.

அறிகுறி: இவற்றில் ஒன்று இருந்தால் காரணம் தேடாதே, உடனே டாக்டர்

ஓட்டத்திலோ வெயிலிலோ ஒருவன் உளறுகிறான், தள்ளாடுகிறான், உடம்பு கொதிக்கிறது: வெயில் தாக்கு. உட்காரச் சொல்லிக் காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறு, ஆள் அனுப்பு. நினைவு சரியாக இல்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே.

கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது, சதை வீங்கி வலிக்கிறது: சதை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அன்றே, அப்போதே எம்.ஐ. ரூம்.

இரண்டு வாரமாகத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை, யாரோடும் பேச்சில்லை, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை. அல்லது செத்துப்போனால் தேவலை என்று ஒரே ஒரு முறை தோன்றியது. இதை நான் சரிசெய்ய முடியாது, உஸ்தாதும் முடியாது, இதற்கு மருத்துவர் உண்டு. பக்கத்துக் கட்டில்காரனிடம் இப்போதே சொல், அவனோடு சேர்ந்து டாக்டரிடம் போ. போன் கையில் இருந்தால் 14416, டெலி மானஸ், எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். கூட இருப்பவன் இப்படிப் பேசினால் விளையாட்டு என்று விடாதே, அவனைத் தனியாகவும் விடாதே, காவல் பணியில் துப்பாக்கியோடு நிற்கிறவன் என்றால் உடனே மேலே சொல். இது காட்டிக்கொடுப்பது ஆகாது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் இந்த வேலை வேண்டாம்

தூக்கம், சாப்பாடு, கால், பாஷை, வீடு எல்லாம் பார்த்தாயிற்று. பகலிலும் யோசித்தாயிற்று. பல வாரமாக அதே பதில்தான் வருகிறது என்றால் நான் அதை மதிக்கிறேன். எல்லோருக்கும் இந்த வாழ்க்கை பொருந்தாது. ஊரில் என்ன சொல்வார்கள் என்பதற்காக யாரும் சிப்பாயாக இருக்கக் கூடாது.

ஆனால் ஓடி வராதே. அனுமதி இல்லாமல் போவதும், திரும்பாமல் இருப்பதும் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் குற்றம், 38, 39ஆம் பிரிவுகள். லீவில் வந்து அப்படியே தங்கிவிடலாம் என்று யோசனை சொல்லும் மாமாக்கள் பின்னால் வழக்குக்கு வரமாட்டார்கள். அக்னிவீர் தன் விருப்பத்தில் நடுவில் விலகுவதற்கு விதி இடம் கொடுப்பதில்லை, விதிவிலக்கான காரணத்துக்கு அதிகாரியின் ஒப்புதலோடு மட்டும்தான். ஆகவே காரணத்தை எழுத்தில் வைத்து கம்பெனி கமாண்டரைப் பார். என்ன வழி இருக்கிறது, பணம் எதுவும் கட்ட வேண்டுமா, சான்றிதழில் என்ன எழுதுவார்கள் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள். பதில் வரும் வரை பரேடுக்குப் போய்க்கொண்டே இரு. விண்ணப்பத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், உன் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் எந்த அலுவலகத்தில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்றும் கேட்டு வைத்துக்கொள்.